பாதத்துக்கும் காலணிக்கும் நடுவே சில மில்லிமீட்டர்

1990-ஆம் ஆண்டு அமெரிக்கப் பாத மருத்துவர்கள் கிர்க் ஹெர்ரிங், டக்ளஸ் ரிச்சி ஆகிய இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நெடுந்தூர ஓட்டக்காரர்கள் 35 பேருக்கு இரண்டு விதமான காலுறைகள் கொடுக்கப்பட்டன. பின்னல், அளவு, அடிப்பாகத்தில் வைத்த அடர்ந்த மெத்தை எல்லாம் இரண்டிலும் ஒன்றுதான். நூல் மட்டும் வேறு: ஒன்று முழுக்கப் பருத்தி, மற்றது முழுக்க அக்ரிலிக். எந்தக் காலுறை எந்த நூலால் ஆனது என்பது ஓடியவர்களுக்கும் தெரியாது, கொப்புளங்களைக் கணக்கெடுத்தவர்களுக்கும் தெரியாது. அக்ரிலிக் அணிந்து ஓடியபோது கொப்புளங்கள் குறைவாக வந்தன. வந்தவையும் சிறியவையாக இருந்தன.

பருத்திதான் உடம்புக்கு நல்லது என்று நம்பி வளர்ந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். ஆனால் அதே மருத்துவர்கள் 1993-இல் வெளியிட்ட அடுத்த ஆய்வைப் படித்த பிறகே விஷயம் முழுதாகப் பிடிபடுகிறது. அந்த முறை 27 ஓட்டக்காரர்கள். அதே இரண்டு நூல்கள். மெத்தை மட்டும் கடையில் கிடைக்கும் சாதாரண விளையாட்டுக் காலுறையில் இருக்கும் அளவுக்கு. இப்போது பருத்திக்கும் அக்ரிலிக்குக்கும் வேறுபாடு தென்படவில்லை. நூலின் குணம் வெளிப்பட வேண்டுமானால், அதற்கேற்ற பின்னல் அமைய வேண்டும் என்பதுதான் இந்த இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் செய்தி.

கடையில் காலுறை வாங்கும்போது நாம் இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்து நசுக்கிப் பார்க்கிறோம். தடியாக இருந்தால் காலுக்குச் சுகம் என்று முடிவு செய்கிறோம். தடிமன் ஓரளவுக்குத்தான் உதவும். மெத்தை எந்த இடத்தில் இருக்கிறது, எவ்வளவு நெருக்கமாகப் பின்னப்பட்டிருக்கிறது, வியர்வையில் நனைந்தால் என்ன ஆகிறது, அதற்குக் காலணிக்குள் இடம் இருக்கிறதா என்பவைதான் காலின் சுகத்தைத் தீர்மானிக்கின்றன.

முதலில், உடம்பே நமக்குக் கொடுத்திருக்கும் மெத்தையைப் பார்க்க வேண்டும். குதிகால் எலும்புக்குக் கீழே ஏறத்தாழ 18 மில்லிமீட்டர் கனத்தில் கொழுப்புத் திசு இருக்கிறது. வயிற்றுக் கொழுப்பைப் போல இது இளகி நகராது. உறுதியான நார்ச்சுவர்கள் அதைச் சிறு சிறு அறைகளாகப் பிரித்து, கொழுப்பு அங்கே இங்கே ஒதுங்காதபடி பிடித்து வைத்திருக்கின்றன. நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் நம் எடையைவிடச் சற்று அதிகமான விசை பாதத்தின் மேல் விழுகிறது. ஓடும்போது அது எடையைப்போல் இரண்டு, மூன்று மடங்காகிறது. வயதாக ஆக அந்தக் குதிகால் திசு தன் துள்ளலை இழக்கிறது. வெறுங்காலுடன் மொசைக் தரையில் நடந்தால் குதிகால் வலிக்கிறது என்று பெரியவர்கள் சொல்வதற்கு இது ஒரு காரணம். முன்பாதத்திலும், விரல்கள் தொடங்கும் இடத்துக்குச் சற்றுப் பின்னால், ஐந்து எலும்பு முனைகளுக்கு அடியில் இதே போன்ற மெத்தை உண்டு. ஆனால் கனம் குறைவு.

மூன்று மில்லிமீட்டர் துணி ஒரு முழு உடம்பின் மோதலையும் தாங்கிக்கொள்ளும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அது காலணி அடிப்பாகத்தின் வேலை. காலுறையின் மெத்தைக்கு வேறு இரண்டு வேலைகள் உண்டு. எலும்பு முனைகளுக்கு நேர் கீழே குவியும் அழுத்தத்தைச் சுற்றிலும் பரப்பிவிடுவது ஒன்று. தோலுக்கும் காலணிக்கும் நடுவே நடக்கும் இழுபறியைத் தான் வாங்கிக்கொள்வது இன்னொன்று. இரண்டாவதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. என் கணிப்பில், பாதத்துக்கு நேரும் தொல்லைகளில் பெரும்பகுதி அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு விரலை எடுத்துப் புறங்கையின் மேல் அழுத்தி வைத்து, முன்னும் பின்னுமாக அசைத்துப் பாருங்கள். விரல் தோலின் மேல் வழுக்கிக்கொண்டு போகாது. தோல் விரலோடு ஒட்டிக்கொண்டு நகரும். அடியில் இருக்கும் எலும்பு நகராது. நடுவில் இருக்கும் திசு இழுபடும். காலணிக்குள்ளும் இதுதான் நடக்கிறது. எட்டு வைக்கும்போது எலும்பு முன்னே போகிறது, உராய்வினால் தோல் காலுறையோடு தங்கிவிடுகிறது, இடைப்பட்ட திசு ஒவ்வொரு எட்டிலும் இழுபட்டு விடுபடுகிறது. கொப்புளம் என்பது தோலின் மேற்பரப்பு தேய்வதால் வருவது என்று பலர் நினைக்கிறோம். அது மேற்பரப்பில் தொடங்குவதில்லை. மேல்தோலின் உள்ளடுக்கில் இருக்கும் செல்கள் இந்த ஓயாத இழுப்பில் அலுத்துப் பிரிகின்றன. அந்தப் பிளவில் நீர் கோத்துக்கொள்கிறது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கொப்புளம் எளிதில் எழும்புவதற்குக் காரணம், அங்கே மேல்தோல் தடிப்பாகவும் அடியிலுள்ள திசுவோடு இறுக்கமாகவும் இருப்பதுதான்.

ஆகவே காலுறையின் மெத்தை மேலும் கீழும் அமுங்கினால் மட்டும் போதாது. பக்கவாட்டிலும் கொஞ்சம் சாய்ந்து கொடுக்க வேண்டும். இதை இயந்திரத்தில் எப்படிச் சாதிக்கிறார்கள் என்பது அழகான கதை.

நெய்த துணியில் பாவு நூலும் ஊடை நூலும் நேர்க்கோட்டில் ஓடுகின்றன. பின்னல் துணியில், நம் பனியனில் இருப்பதுபோல, ஒரே நூல் வளைந்து வளைந்து கண்ணிகளாகிறது. ஒரு வரிசைக் கண்ணி அடுத்த வரிசைக் கண்ணியைக் கோத்துப் பிடிக்கிறது. இழுத்தால் கண்ணி நீளும், விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும். குதிகால், கணுக்கால், விரல் என்று வளைவும் நெளிவுமான பாதத்தை ஒரே துணி பொருந்தி மூடுவது இந்தக் கண்ணிகளால்தான். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரில் வில்லியம் லீ 1589-இல் முதல் பின்னல் இயந்திரத்தை உருவாக்கியதே காலுறைக்காகத்தான். 1847-இல் லெஸ்டர் நகரத்து மாத்யூ டவுன்சென்ட் கண்டுபிடித்த, கொக்கியின் வாயைத் திறந்து மூடும் நாக்கு வைத்த ஊசி இன்றைய காலுறை இயந்திரங்களிலும் வேலை செய்கிறது.

மெத்தைக் காலுறையை வாங்கி உள்பக்கத்தை வெளியே திருப்பிப் பார்த்தால் டர்க்கி டவலில் இருப்பது போன்ற சின்னச் சின்ன வளையங்கள் தெரியும். இயந்திரத்தில் வட்டமாக நிற்கும் ஊசிகளுக்கு இடையே, சிங்க்கர் (sinker) என்று தொழிலில் சொல்லப்படும் மெல்லிய உலோகத் தகடுகள் இருக்கின்றன. ஒவ்வொரு தகட்டுக்கும் மேல்படி ஒன்று, கீழ்படி ஒன்று. இரண்டு நூல்கள் ஒரே நேரத்தில் ஊசிக்குப் போகின்றன. உறுதியான நைலான் நூல் கீழ்படியில் விழுந்து துணியின் அடித்தளமாகிறது. மெத்தைக்கான நூல் மேல்படியின் மேலாக ஏறி இறங்குகிறது. அந்தப் படியின் உயரம் எவ்வளவோ அவ்வளவு நூல் கூடுதலாகச் செலவாகிறது. அந்தக் கூடுதல் நூல்தான் வளையமாக உள்ளே தொங்குகிறது. எந்த ஊசியில் வளையம் வேண்டும், எதில் வேண்டாம் என்று இயந்திரத்துக்குக் கட்டளையிட முடியும். அதனால்தான் குதிகாலிலும் முன்பாதத்திலும் மட்டும் வளையம் வைத்து, மேல்புறத்தைக் காற்றோட்டமான வலைப் பின்னலாக விட முடிகிறது. அலுவலகத்துக்கு அணியும் மெல்லிய காலுறையை 168 அல்லது 200 ஊசிகள் கொண்ட இயந்திரம் பின்னும். தடித்த நூலில் வளையம் வைத்த விளையாட்டுக் காலுறைக்குப் பெரும்பாலும் 144 ஊசிகளோ அதற்கும் குறைவோதான்.

வளையத்தின் உயரத்தைவிட அதன் நெருக்கம் முக்கியம். உயரமான வளையங்கள் தள்ளித் தள்ளி நின்றால், முதல் முறை கால் வைத்ததுமே ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துவிடும். குட்டையான வளையங்கள் நெருக்கி நின்றால் ஒன்றை ஒன்று தாங்கும். எடை ஏறும்போது வளையும், இறங்கும்போது நிமிரும். இரண்டு காலுறைகள் விரலுக்கு ஒரே தடிமனாகத் தோன்றலாம். உள்பக்கத்தைத் திருப்பி, வளையங்களை விரலால் விலக்கிப் பாருங்கள். அடித்துணி சட்டென்று தெரிந்தால் அந்த மெத்தை நீண்ட நாள் நிற்காது.

கையால் பின்னுகிறவர்களுக்கு இந்தத் தகடும் படியும் கிடையாது. அவர்கள் வேறு வழிகளைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். குதிகால் பின்னும்போது ஒரு கண்ணியைப் பின்னி, அடுத்ததைப் பின்னாமலே ஊசி மாற்றிக்கொள்வது ஒரு வழி. பின்னாமல் விட்ட கண்ணிக்குப் பின்னால் நூல் குறுக்கே ஓடுவதால் அந்த இடத்தில் துணி இரட்டைக் கனமாகிறது; தேய்மானமும் குறைகிறது. சாதாரணப் பின்னலின் ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் சிறு மேடுகளாகவும் இருக்கும். வழக்கமாக மேடுகள் காலைத் தொடும்படிதான் அமையும். உள்ளங்கால் மென்மையானவர்களுக்காக அடிப்பாகத்தில் மட்டும் பின்னலைத் திருப்பிப் போட்டு, வழவழப்பான பக்கம் காலைத் தொடும்படி செய்கிறார்கள். நூல் கொஞ்சமும் கூடாமல் சுகம் கூடுகிறது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து, லாப்ரடார் பகுதி மக்கள் முறுக்காத கம்பளிக் கொத்துகளைக் கண்ணிகளோடு சேர்த்துப் பின்னி, அவை உள்ளே தொங்கும்படி விடுவார்கள். அவர்களுடைய கையுறைகளில் அதிகம் காணப்படும் இந்த முறையைக் காலுறையிலும் செய்வதுண்டு. அணிய அணிய அந்தக் கொத்துகள் ஒன்றோடொன்று சிக்கி ஒரே கம்பளி விரிப்பாக இறுகும். பனி நாட்டுக்கு அது வரம். நம் ஊருக்கு ஆகாது.

நம் ஊரின் பிரச்சினை வியர்வை. உள்ளங்காலில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குள் பல நூறு வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. ஈரம் ஏறினால் தோலுக்கும் துணிக்கும் இடையே உராய்வு கூடுகிறது; உராய்வு கூடினால் திசு இன்னும் அதிகமாக இழுபடுகிறது. காற்றில் 65 சதவீத ஈரப்பதம் இருக்கும்போது கம்பளி தன் எடையில் சுமார் 16 சதவீதம் ஈரத்தை வைத்திருக்கும். பருத்தி சுமார் 8 சதவீதம், நைலான் 4, அக்ரிலிக் 2-க்கும் கீழே, பாலியெஸ்டர் 1 சதவீதம்கூட இல்லை. இதைப் பார்த்ததும் ஈரத்தை உறிஞ்சுவதே நல்லது என்று தோன்றும். பருத்தி உறிஞ்சும், ஆனால் நனைந்ததும் இழை உப்பி, வளையம் தன் விறைப்பை இழந்து துவண்டு படுத்துவிடும். காலையில் மூன்று மில்லிமீட்டராக இருந்த மெத்தை மதியத்துக்குள் ஈரத் துணியாகிவிடுகிறது. ஓட்டக்காரர்களின் காலில் அக்ரிலிக் வென்றதற்கு இதுவே விளக்கம்: அது நனைந்தாலும் வளையம் நிமிர்ந்து நின்றது, வளையங்களுக்கு இடையே ஈரம் வெளியேற வழி இருந்தது. கம்பளி ஈரத்தை இழைக்குள் இழுத்துக்கொண்டாலும், இயற்கையான சுருளால் மீண்டும் நிமிர்ந்துகொள்கிறது. மெல்லிய மெரினோ கம்பளிக் காலுறைகளை வெயில் நாடுகளிலும் அணிகிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. விலைதான் நமக்கு எட்டுவதில்லை.

அமெரிக்க மரைன் படையில் புதிதாகச் சேர்ந்து 12 வாரப் பயிற்சி பெற்ற வீரர்களிடம் நடந்த ஆய்வு ஒன்று 1996-இல் வெளியானது. வழக்கமான ராணுவக் காலுறை அணிந்தவர்களில் 69 சதவீதம் பேருக்குக் கொப்புளம் வந்தது. உள்ளே மெல்லிய பாலியெஸ்டர் காலுறை, அதற்கு மேல் கம்பளியும் பாலிப்ராப்பிலீனும் கலந்து மிக அடர்த்தியாகப் பின்னிய தடித்த காலுறை என்று இரண்டாக அணிந்தவர்களில் அது 40 சதவீதம். உள்காலுறை தோலிலிருந்து ஈரத்தை வெளியே கடத்துகிறது. அதோடு, இரண்டு துணிகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவதால் இழுப்பு துணிகளுக்கு இடையே தீர்ந்துபோகிறது. தோல் வரை வருவதில்லை.

ஓட்டக்காரருக்கும் வீரருக்கும் கொப்புளம் சில நாள் வேதனை. வலி தெரியாத காலுக்கு அது வேறு கணக்கு. இந்த உண்மையை உலகத்துக்கு எடுத்துச் சொன்னதில் நம் மண்ணுக்கு நேரடிப் பங்கு உண்டு. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1940-களின் பிற்பகுதியில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் தொழுநோயாளிகளின் கைகால்களை ஆராயத் தொடங்கினார். நோய்தான் விரல்களை அழுகச் செய்கிறது என்று அதுவரை நம்பினார்கள். உணர்ச்சி போன பாதத்தில் கவனிக்கப்படாமல் சேரும் காயங்களே புண்ணாகி விரல்களைக் கொண்டுபோகின்றன என்று அவர் காட்டினார். பின்னர் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் எலிகளின் பாதங்களை வைத்துச் செய்த சோதனைகளில், ஒரு முறை பட்டால் தீங்கு செய்யாத மிதமான அழுத்தம்கூட நாள்தோறும் ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்பப் பட்டால் திசு வீங்கி, கடைசியில் புண்ணாகிவிடுவதை நிறுவினார். நமக்கு வலி வந்ததும் நம்மை அறியாமலே நடையை மாற்றிக்கொள்கிறோம். உணர்ச்சி இல்லாதவர் அதே இடத்தில் அதே விசையோடு அடுத்த எட்டை வைக்கிறார்.

2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. நாள்பட்ட சர்க்கரை நோய் பாத நரம்புகளைப் பாதித்தால் பிராண்டின் நோயாளிகளுக்கு இருந்த அதே ஆபத்து இவர்களுக்கும் வருகிறது. இங்கேதான் பின்னல் மெத்தை மருத்துவப் பொருளாகிறது. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் வெவெஸ், போல்ட்டன் முதலிய மருத்துவர்கள் பாத அழுத்தம் மிகுந்த சர்க்கரை நோயாளிகளுக்காகத் தனியாக உருவாக்கிய மெத்தைக் காலுறைகளைச் சோதித்து 1989, 1990 ஆண்டுகளில் முடிவுகளை வெளியிட்டார்கள். வெறுங்காலோடு ஒப்பிட்டால், புதுக் காலுறையில் முன்பாதத்தின் உச்ச அழுத்தம் கால் பங்குக்கு மேல் குறைந்தது. ஆறு மாதம் அணிந்த பிறகு அந்தப் பலன் சுமார் 18 சதவீதமாக இறங்கியது. கடையில் விற்கும் விளையாட்டுக் காலுறைகளும் சும்மா இருக்கவில்லை: அடர்ந்த மெத்தை வைத்தவை 17 சதவீதமும், நடுத்தர மெத்தை வைத்தவை 10 சதவீதமும் குறைத்தன.

இந்த எண்களை அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும். குறைந்தது அழுத்தம். அதை வைத்தே புண் வராது என்று உறுதி சொல்ல முடியாது. நுண்துளை ரப்பர் அடிப்பாகம் வைத்த எம்.சி.ஆர். செருப்பை மருத்துவர் பரிந்துரைத்திருந்தால், அதற்குப் பதிலாக எந்தக் காலுறையும் நிற்காது. ஆறு மாதத்தில் பலன் குறைந்தது என்பதிலும் ஒரு பாடம் இருக்கிறது. மெத்தைக் காலுறைக்கு ஆயுள் உண்டு. ஓட்டை விழும் வரை போட்டுக்கொள்வது நம் வழக்கம். வளையங்கள் தட்டையாகி எழும்பாமல் போன அன்றே அதன் வேலை முடிந்துவிடுகிறது.

மெத்தை கெடுதலாகும் இடமும் உண்டு. ஏற்கெனவே இறுக்கமான ஷூவுக்குள் தடித்த காலுறையைத் திணித்தால் விரல்களின் பக்கங்களிலும் மேல்புறத்திலும் அழுத்தம் ஏறும். கால் ஆணியும் நகக்கோளாறும் அங்கேதான் பிறக்கின்றன. ஷூ வாங்கப் போகும்போது, அன்றாடம் அணியப்போகும் காலுறையைக் கையோடு எடுத்துப் போங்கள். நாள் முழுதும் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும் என்பதால் மாலையில் வாங்குவது நல்லது. நின்றே வேலை பார்க்கும் போக்குவரத்துக் காவலர்கள், கட்டடப் பாதுகாவலர்கள், செவிலியர்கள் ஆகியோருக்குச் சீருடை கொடுக்கிறவர்கள் ஷூ அளவு எடுப்பதற்கு முன்பே காலுறையைக் கொடுத்துவிட்டால், அதே செலவில் எத்தனையோ கால்கள் தப்பும். கோடைக்கு, குதிகாலிலும் முன்பாதத்திலும் மட்டும் வளையம் வைத்து, மேல்புறம் மெல்லியதாகவும் நடுப்பாதத்தில் பிடிமானமாகவும் பின்னியதே பொருத்தம். முழுக் காலுறையும் தடியாக இருப்பது சூட்டைத்தான் சேர்க்கும்.

துவைப்பதில் ஒரு சின்னக் கவனம் போதும். உள்பக்கத்தை வெளியே திருப்பித் துவைத்தால் வளையங்களுக்குள் சேர்ந்த தோல் துகளும் உப்பும் போகும். துணியை மிருதுவாக்கும் திரவங்கள் இழையின் மேல் படிந்து, ஈரம் கடத்தும் திறனைக் கெடுக்கும், அவற்றைத் தவிர்க்கலாம்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மட்டும் இன்னும் கொஞ்சம். வெளிர் நிறக் காலுறையை வாங்குங்கள். கசிவோ ரத்தமோ இருந்தால் உடனே தெரியும். கணுக்காலில் இலாஸ்டிக் தடம் பதியும் அளவுக்கு இறுக்கம் வேண்டாம். விரல் முனையில் தையல் மேடாக இருந்தால், மெத்தை வைக்காத காலுறையை உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி அணியலாம். ஆண்டுக்கு ஒருமுறை, 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையால் பாத உணர்ச்சியைச் சோதிக்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். தினமும் இரவு காலுறையைக் கழற்றியதும் உள்ளங்காலை வெளிச்சத்தில் பாருங்கள். உங்களால் குனிய முடியாவிட்டால் வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். சிவப்போ கொப்புளமோ தெரிந்தால், வலிக்கவில்லையே என்று விட்டுவிடாமல் மறுநாளே மருத்துவரிடம் போங்கள்.